கிளாப்டன் கழகத்தின் 1909: கல்லறை இல்லாத வோல்டர் டல்

இங்கிலாந்தின் சின்னச் சின்ன உதைபந்தாட்டக் கழகங்கள் ஒவ்வொன்றிடமும் ஒரு சாதனைப் பட்டியல் இருக்கும். கூடுதலான கோல்களால் வென்ற ஆட்டம், படுமோசமாகத் தோற்ற ஆட்டம், வென்ற கிண்ணங்கள், வென்ற ஆண்டுகள் என்று அது நீளும். பிறீமியர் லீக் கழகங்களின் பட்டியலைப்போல அது மினுங்காது. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்து, ஆட்டத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு பெறுகின்ற வீரர்களின் கழகங்கள் அவை. எனக்கு இந்தப் பட்டியல்களை வாசிப்பதில் விருப்பம் அதிகம். கழகம் வென்றது என்று எழுதியிருக்கும். யார் ஓடினார்கள், யார் அடித்தார்கள், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது அங்கே இராது. அதைத் தேடிப் போவது என் தொழிலோடு வந்த பழக்கம்.

கிழக்கு இலண்டனின் கிளாப்டன் கழகம் அப்படியொரு கழகம். 1877இல் பிறந்தது. 1888 முதல் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்ற மைதானத்தில் விளையாடத் தொடங்கியது. 1890இல் அன்ட்வேர்ப் நகருக்குப் போய் பெல்ஜிய அணியொன்றை 7–0 என்று வென்றது. ஐரோப்பியக் கண்டத்துக்குச் சென்று விளையாடிய முதல் ஆங்கிலக் கழகம் என்ற பெயர் அதனால் வந்தது. அடுத்த வருடமே எஃப்.ஏ. கிண்ண ஆட்டமொன்றில் சொந்த மைதானத்தில் வைத்து நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் அணியிடம் 14–0 என்று அடிவாங்கியது. அந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் வெளி மைதானத்தில் ஓர் அணி பெற்ற மிகப் பெரிய வெற்றி இன்றுவரை அதுதான். தோற்ற கழகமும் அதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்பட்டியலில் 1909 என்ற ஆண்டு மூன்று தடவை வரும். எஃப்.ஏ. அமெச்சூர் கிண்ணம், இலண்டன் சீனியர் கிண்ணம், இலண்டன் கவுண்டி அமெச்சூர் கிண்ணம். அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் எஸ்டன் யுனைட்டட் அணியை 6–0 என்று வென்றிருக்கிறார்கள். சம்பளம் வாங்காத வீரர்களுக்கென நடத்தப்பட்ட அந்தச் சுற்றுத்தொடர் 1974இல் நின்றுபோய்விட்டது. ஒரே பருவத்தில் மூன்று கிண்ணங்கள் வந்த அந்த ஆண்டில்தான் அச்சகத் தொழில் பழகிக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் ஒருவர் கிளாப்டனின் முன்களத்தில் விளையாடினார். அவர் பெயர் வோல்டர் டல்.

1888 ஏப்ரல் 28ஆம் திகதி கென்ற் மாவட்டத்துக் கரையோர நகரான ஃபோக்ஸ்டனில் அவர் பிறந்தார். தகப்பன் டானியல் பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி. டானியலின் பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாய் அலிஸ் கென்ற் பகுதியைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். வோல்டருக்கு ஏழு வயதாக இருக்கும்போது தாய் புற்றுநோயால் இறந்தார். தகப்பன் தாயின் உறவுக்காரியான கிளாராவை மறுமணம் செய்தார். இரண்டு வருடங்கள்கூடச் சரியாகக் கழியவில்லை, 1897இல் தகப்பனும் இருதய நோயால் போய்ச் சேர்ந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகளும் தன்னுடைய கைக்குழந்தையுமாக நின்ற கிளாராவால் எல்லோருக்கும் சாப்பாடு போட முடியவில்லை. வோல்டரும் அண்ணன் எட்வர்டும் 1898இல் கிழக்கு இலண்டன் பெத்னல் கிறீனில் மெதடிஸ்த திருச்சபையினர் நடத்திய சிறுவர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி ஒன்றாக இருக்கும்வரை ஒரு தைரியம் இருக்கும். இரண்டே வருடங்களில் அதுவும் போனது. இல்லத்தின் பாடகர் குழு நிதி திரட்ட ஊர் ஊராகப் போகும். எட்வர்ட் நல்ல குரல்வளம் உள்ளவர். கிளாஸ்கோ நகரில் அவர் பாடியதைக் கேட்ட வோர்னொக் குடும்பத்தினர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். எட்வர்ட் ஸ்கொட்லாந்தில் படித்துப் பல் வைத்தியரானார். வோல்டர் இல்லத்திலேயே தங்கினார். அச்சுத் தொழில் பழகினார். இல்லத்து அணியில் பந்து விளையாடினார். ஒருவருக்குக் குடும்பமும் மற்றவருக்கு மைதானமும் கிடைத்தன என்று சொல்லிவிடலாம், ஆனால் அது அவ்வளவு சரியில்லை. சகோதரர்கள் கடைசிவரை ஒருவரை ஒருவர் விடவில்லை. அந்த ஒட்டுதல் இல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

1908இல் கிளாப்டன் அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தது. சில மாதங்களில் முதல் அணியில் இடம் நிலைத்தது. பருவம் முடியும்போது மூன்று கிண்ணங்கள். அந்தப் பருவத்தில் கண்டெடுக்கப்பட்ட நல்ல வீரர் இவர்தான் என்று ஃபுட்போல் ஸ்டார் பத்திரிகை எழுதியது. அமெச்சூர் வீரராக அவர் ஆடியது அந்த ஒரே பருவம்தான். கிளாப்டனின் நீண்ட வரலாற்றில் அது ஒரு துளி. ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் கையில் கிண்ணம் இருந்த காலம் என்றால் அதுதான்.

ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம் 1909இல் அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் தடவையாக முதலாம் பிரிவுக்கு ஏறியிருந்த கழகம் அது. ஒப்பந்தத்துக்கு 10 பவுண், வாரச் சம்பளம் 4 பவுண். இரண்டுமே அன்றைய விதிகள் அனுமதித்த உச்சத்தொகை. அந்தக் கோடையில் அணியோடு கப்பலேறி ஆர்ஜென்டீனாவுக்கும் உருகுவேக்கும் போய்வந்தார். செப்டெம்பரில் சண்டர்லாண்ட் அணிக்கு எதிராக முதலாம் பிரிவில் அவரது முதல் ஆட்டம். அதே மாதம் மன்செஸ்டர் யுனைட்டட் அணிக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 30,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் விளையாடினார். பத்திரிகைகள் பாராட்டின. அதிகம் ஆர்ப்பாட்டமில்லாத, நின்று நிதானித்துப் பந்தைக் கொடுக்கிற ஆட்டம் அவருடையது என்பதை அக்காலக் குறிப்புகளிலிருந்து விளங்கிக்கொள்ள முடிகிறது.

பிறகு ஒக்டோபர் 9ஆம் திகதி. பிரிஸ்டல் சிட்டி அணிக்கு எதிராக பிரிஸ்டலில் ஆட்டம். பார்வையாளரில் ஒரு பகுதியினர் அவரது நிறத்தைச் சொல்லித் தூஷணம் பேசத் தொடங்கினார்கள். ஆட்டம் முடியும்வரை அது நிற்கவில்லை. அந்த மைதானத்தில் இருந்த செய்தியாளர்கள் பலர். அவர்களில் இரண்டு எழுத்தை மட்டும் கையொப்பமாக இட்டு எழுதுகிற ஃபுட்போல் ஸ்டார் செய்தியாளர் அந்தத் தூஷணத்தையே செய்தியாக்கினார். மீன்சந்தையிலும் கேட்க முடியாத பேச்சு என்றும், அவ்வளவுக்கும் நடுவே தலையை இழக்காமல் ஆடிய டல்தான் அன்றைய முன்கள வீரர்களில் சிறந்தவர் என்றும், மனத்தூய்மையில் அவர் இங்கிலாந்தின் வெள்ளையின வீரர்கள் எல்லோருக்கும் முன்மாதிரி என்றும் அவர் எழுதியது இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1909இல் ஓர் ஆட்டச் செய்தி என்றால் யார் கோல் அடித்தார், காற்று எப்பக்கம் வீசியது என்று எழுதுவார்கள். சனம் கத்தினால் அது சத்தம், செய்தியில்லை. ஒரு செய்தியாளர் அதைச் செய்தி என்று தீர்மானித்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்த நாள் நடந்ததற்கு எந்தத் தடயமும் இருந்திருக்காது. கழகப் பதிவேட்டில் அது ஓர் ஆட்டம் மாத்திரம். சுயாதீனமாக எழுதிப் பிழைக்கிற எனக்கு, நூற்றாண்டுக்கு முந்திய அந்தப் பெயரில்லாத ஆளை ஒரு மூத்த சக தொழிலாளி என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு டல் மெல்ல மெல்ல இரண்டாம் அணிக்குத் தள்ளப்பட்டார். அடுத்த ஒன்றரை வருடங்களில் பெரும்பாலும் அங்கேதான் விளையாடினார். ஏன் என்பதைப் பதிவேடு சொல்லாது. லீக் ஆட்டங்கள் 10, கோல்கள் 2 என்று எண்களை மட்டும் சொல்லும். 1911 ஒக்டோபரில் நோர்தாம்டன் ரவுண் கழகம் அவரை வாங்கியது. முகாமையாளர் ஹேர்பேர்ட் சப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சம்பியனாக்கியவர் இதே சப்மன்தான். கழகமோ முதலாம் பிரிவில் இல்லை, சதேர்ண் லீக்கில் இருந்தது. ஆனால் டல்லுக்கு அங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் விளையாடக் கிடைத்தது. முன்களத்திலிருந்து நடுக்களத்துக்கு மாற்றப்பட்டு, நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். நோர்தாம்டன் மக்கள் அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்.

1914 ஓகஸ்டில் யுத்தம் தொடங்கியது. லீக் ஆட்டங்கள் நிறுத்தப்படவில்லை. உடல்வலுவுள்ள ஆண்கள் பந்தடித்துக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் சாகிறார்கள் என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. டிசெம்பரில் இலண்டன் ஃபுல்ஹாம் நகர மண்டபத்தில் கூட்டம் கூட்டி, மிடில்செக்ஸ் படையணியின் 17ஆவது பட்டாலியனை உதைபந்தாட்ட வீரர்களுக்கென்றே அமைத்தார்கள். டல் டிசெம்பர் 21ஆம் திகதி அதில் சேர்ந்தார். நோர்தாம்டனிலிருந்து முதலில் போனவர் அவர்தான். 1915 நவம்பரில் பட்டாலியன் பிரான்சுக்குப் போனது. அதற்குள் அவர் லான்ஸ் சார்ஜன்ட்.

யுத்தத்தின் விபரங்களை நான் நீட்டி எழுதப் போவதில்லை. சேறு, ஷெல், அகழி, சூனியப் பிரதேசம் என்ற சொற்களுக்கு இத்தளத்தின் வாசகர்களுக்கு அகராதி வேண்டாம். ஒரு குறிப்பை மட்டும் எடுத்து வைக்கிறேன். 1916 மே மாதம் டல் முன்னரங்கிலிருந்து இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கடும் மனப்பிறழ்வு என்று மருத்துவக் குறிப்பில் எழுதினார்கள். ஷெல்லதிர்ச்சி என்று அன்று அழைத்ததும் நாம் இன்று உளவடு என்பதும் அதுதான். பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தை ஒரு வசனத்தில் கடந்துவிடுகிறார்கள். பிரிஸ்டலில் தலையை இழக்காதவர், ஆற்றைக் கடந்து பகை முகாமுக்குள் போய்வந்தவர் என்ற வீரக் கதைக்கு அது இடைஞ்சலாக இருக்கிறது போலும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு மாதங்களில், செப்டெம்பரில், அதே பிரான்சுக்கு, சொம் களத்துக்கு அவர் திரும்பிப் போனார். அனுப்பப்பட்டார் என்று சொல்வது கூடுதல் பொருத்தம். அந்த டிசெம்பரில் அகழிக் காய்ச்சல் வந்து மறுபடியும் வைத்தியசாலை.

குணமானபின் அவரை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார்கள். தூய ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லாதோருக்குக் கட்டளையிடும் பதவி கொடுப்பதில்லை என்பது அன்றைய பிரித்தானிய இராணுவத்தின் போக்கு. 1914ஆம் ஆண்டின் இராணுவச் சட்டக் கைநூலும் அதற்கு இடம் கொடுத்தது. இருந்தும் 1917 மே 30ஆம் திகதி வோல்டர் டல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அதிகாரிகள் செத்துக் குறைந்துகொண்டிருந்த நேரம். விதி தளர்ந்ததற்கு நீதியுணர்வு காரணமா, ஆட்பற்றாக்குறை காரணமா என்று கேட்டால் இரண்டாவதையே நான் சொல்வேன்.

பிரித்தானிய இராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று இவரைப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. ஜமேக்காவில் பிறந்த யூவன் லூசி-சிமித் 1914இலேயே அதிகாரியாகி, 1915 ஏப்ரலில் ஈப்ரு களத்தில் கொல்லப்பட்டவர். அவரது நினைவுத் தகடு 2020இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சேதி பரவலாக வெளியே வந்தது. உதைபந்தாட்டத்திலும் டல்லுக்கு முன்னர் ஆதர் வோர்டன் போன்றவர்கள் இருந்தார்கள். முதலாவது என்ற சொல்லைப் போட்டால் தலைப்பு நன்றாக விற்கும். அந்தச் சொல் இல்லாமலே இந்த மனிதரைப் பற்றி எழுதப் போதுமானது இருக்கிறது.

புதிய அதிகாரியாக 23ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். அதுவும் உதைபந்தாட்ட வீரர்களின் பட்டாலியன்தான். 1917 இறுதியில் இத்தாலிக்குப் போனார்கள். பியாவே ஆறு பனிக்குளிரில் வேகமாக ஓடுவது. இரவில் 26 பேரைக் கூட்டிக்கொண்டு அந்த ஆற்றைக் கடந்து எதிரியின் பக்கம் போய், கடும் சூட்டுக்கு நடுவே ஒருவரும் காயப்படாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். மேஜர் ஜெனரல் சிட்னி லோஃபர்ட் அவரது துணிவையும் நிதானத்தையும் எழுத்தில் பாராட்டினார். கட்டளைக்குக் கீழ்ப்பட்டிருந்தவர்கள் அனைவரும் வெள்ளையினத்தவர். எட்டு வருடங்களுக்கு முன்னர் பிரிஸ்டலில் கத்தியவர்களின் வயதொத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

1918 மார்ச்சில் மறுபடி பிரான்ஸ். 21ஆம் திகதி ஜேர்மனியரின் பெருந்தாக்குதல் தொடங்கியது. பிரித்தானிய அணிகள் நாளுக்கு நாள் பின்வாங்கின. 25ஆம் திகதி ஃபவ்ரெய் என்ற கிராமத்தின் அருகே நடந்த பின்வாங்கலில் டல் சுடப்பட்டு விழுந்தார். வயது 29. முன்னர் லெஸ்டர் ஃபொஸ் கழகத்தின் கோல்காப்பாளராக இருந்த படைவீரர் ரொம் பில்லிங்ஹாம் அவரது உடலை இழுத்துக்கொண்டு வர முயன்றார். ஜேர்மனியர் நெருங்கிவிட்டார்கள். விட்டுவிட்டு ஓடவேண்டியதாயிற்று.

உடல் பின்னர் அடையாளம் காணப்படவில்லை. கல்லறை இல்லை. அராஸ் நகரிலுள்ள நினைவுச் சுவரில், கல்லறை தெரியாத சுமார் 35,000 பேரின் பெயர்களோடு அவரது பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. இச்சுவரைப் பராமரிக்கும் பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பெயரை நம்மில் சிலர் திருகோணமலையில் பார்த்திருப்போம். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தோருக்கான அங்குள்ள மயானமும் அவர்களுடைய பொறுப்பில்தான் இருக்கிறது. புல் வெட்டி, கல் துடைத்து, பெயர் அழிந்தால் மறுபடி வெட்டி வைப்பார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் பெயருக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஓர் அரசு ஒத்துக்கொண்டு அதற்குக் காசும் ஒதுக்குவதைப் பார்க்கும்போது என் மனதுக்குள் ஓடுவதை இங்கே எழுதத் தேவையில்லை. செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் சட்டமிட்ட படங்களின் கீழே பிறந்த திகதி மட்டும் இருக்கக் காண்கிறேன். மற்றத் திகதியை எழுத வீட்டார் சம்மதிப்பதில்லை.

கிளாஸ்கோவில் எட்வர்டுக்குத் தந்தி போனது. அதன்பிறகு டல்லின் சக அதிகாரி பிக்கார்ட் ஒரு கடிதம் எழுதினார். வோல்டர் எவ்வளவு விரும்பப்பட்டவர் என்பதோடு, மிலிட்டரி குறொஸ் பதக்கத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது என்பதும் அதில் இருந்தது. போரில் கலந்துகொண்டவர்களுக்குப் பொதுவாக வழங்கும் பதக்கங்கள் குடும்பத்துக்கு வந்தன. மிலிட்டரி குறொஸ் வரவில்லை. எட்வர்ட் 1950இல் இறக்கும்வரை தம்பியின் கடிதங்கள், படங்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் காத்து வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அவர் வழிவந்தோர் வைத்திருந்தார்கள். வெளியுலகம் ஏறத்தாழ எழுபது வருடங்கள் வோல்டர் டல்லை மறந்துபோயிருந்தது.

1990களில் ஃபில் வசிலி என்ற ஆய்வாளர் கறுப்பின வீரர்களின் வரலாற்றைத் தேடத் தொடங்கியபோது இந்தப் பெயர் திரும்ப மேலே வந்தது. பழைய பத்திரிகைத் துணுக்குகளும் குடும்பம் காத்துவைத்த கடதாசிகளும் அவருக்குத் துணையாகின. 1999இல் நோர்தாம்டன் கழகம் தன் விளையாட்டரங்குக்குப் பக்கத்தில் நினைவுக்கல் நாட்டியது. அங்கு போகும் வீதிக்கு அவர் பெயர். 2017இல் நகர மண்டபத்தருகே சிலை. 2018இல் முத்திரை. ஒரு கழகத்தின் கௌரவப் பட்டியலில் கிண்ணங்களை மட்டும்தான் எழுதவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை என்பதை நோர்தாம்டன் கழகத்தார் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சதேர்ண் லீக் காலத்தில் டல்லோடு அவர்கள் எந்தப் பெரிய கிண்ணமும் வெல்லவில்லை.

பதக்கக் கதை இன்னும் முடியவில்லை. பரிந்துரைக்கான ஆவணம் தங்களிடம் இல்லை என்பதும், முற்காலப் போர்களுக்குப் பின்னோக்கிப் பதக்கம் வழங்குவதில்லை என்பதும் பிரித்தானிய அரச தரப்பின் பதில். இறந்துபோனவருக்கு மிலிட்டரி குறொஸ் கொடுக்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை என்பார்கள். நிறத்தின் காரணமாகவே அது தடுக்கப்பட்டது என்பது கோரிக்கை வைப்போரின் வாதம். ஒரு கறுப்பின அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்தால், அவரை அதிகாரியாக்கியதே விதிக்கு மாறானது என்பது வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற கடதாசி இல்லை. கடதாசி இல்லை என்பதைப் பதிலாகச் சொல்லும் வசதி எப்போதும் அலுவலகத்துக்கே உண்டு, குடும்பத்துக்கு இல்லை.

2018 மார்ச்சில், டல் இறந்து நூறு வருடங்கள் நிறைந்த நேரத்தில், டேவிட் லாமி முன்னின்று, கட்சி வேறுபாடின்றி 120க்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையொப்பமிட்டு அந்தப் பதக்கத்தைக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் அனுப்பினார்கள். பதக்கம் வழங்கப்படவில்லை. கிளாப்டன் கழகத்தின் 1909ஆம் ஆண்டு வரிகளில் மூன்று கிண்ணங்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை வென்று கொடுத்த பதினொருவரின் பெயர்கள் வழமைபோல இல்லை.